கொள்ளிடத்து முதலையும் கதையின் முதலையும்

கொள்ளிடக்கரையான் எழுதியது:

அணைக்கரைக்குக் கீழே, கொள்ளிடத்தின் கரையை ஒட்டிய சிற்றூர் என்னுடையது. எங்கள் பக்கத்தில் முதலை என்பது சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கிற பிராணி அன்று. கோடையில் ஆறு மணலாகிவிட்ட பிறகு எஞ்சி நிற்கும் மடுக்களில் அது ஒதுங்கிக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்ததும் வாய்க்கால்களில் ஏறி, சில வேளைகளில் ஊர்க்குளத்துக்கே வந்துவிடும். வனத்துறையினர் வந்து கயிறு கட்டிப் பிடித்து, சிதம்பரத்துக்கு அருகே வக்காரமாரிக் குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள்.

நான் வளர்ந்த வீட்டில் முதலையைப் பற்றிக் கதை சொன்னவர்களைவிட விதி சொன்னவர்களே அதிகம். கோரை அடர்ந்த பக்கம் இறங்கக் கூடாது, இருட்டிய பிறகு பானை கழுவத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, தினமும் ஒரே இடத்தில் துணி துவைக்கக் கூடாது என்றெல்லாம் பாட்டி அடுக்குவார். கடைசி விதியின் பொருள் எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது: நாம் அதைப் பார்க்காதபோதும் அது நம் பழக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கே நான் கேட்க விரும்புவது இதுதான். நம் பழமொழி "மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா" என்கிறது. புராணத்தில் அது யானையின் காலைப் பற்றுகிறது, பிள்ளையை விழுங்குகிறது. எங்கும் பற்றுவதும் விழுங்குவதும்தான். கரையில் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த முதலை, அதாவது எங்கே இருக்கும், எப்போது வரும், எதற்கு வரும் என்று கணக்குப் பார்க்கத்தக்க முதலை, நம் எழுத்தில் எங்காவது இருக்கிறதா? எனக்குத் தெரிந்து வள்ளுவர் ஒருவர்தான் அதைத் தொட்டிருக்கிறார்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயா, வள்ளுவரை நீங்கள் சொன்னது சரி. "நெடும்புனலுள் வெல்லும் முதலை அடும்புனலின் நீங்கின் அதனைப் பிற" என்பது இடனறிதல் அதிகாரத்தில் வருகிறது. முதலையின் கொடுமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆழ்ந்த நீரில் அது பிறவற்றை வெல்லும், நீரை விட்டு நீங்கினால் பிற அதை வெல்லும் என்று வலிமையை முழுவதும் இடத்தின் மேல் ஏற்றுகிறார். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில், வேல் ஏந்தியவருக்கும் அஞ்சாத களிறு சேற்றில் கால் புதைந்தால் நரிக்கு இரையாகிறது. முதலையும் யானையும் ஒரே அதிகாரத்தில், ஒரே வாதத்துக்காக வந்து நிற்பதைப் பார்க்கும்போது, கஜேந்திரனின் கதையை அறிந்த எவருக்கும் ஒரு சிறு சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் வள்ளுவர் ஒருவர்தான் என்பதை நான் ஏற்க மாட்டேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழி செவிலியிடம் பேசுகிறாள். இரவில் தலைவன் வரும் வழியில் உள்ள இடர்களை எண்ணித் தலைவி வருந்துவதைச் சொல்லும்போது, புலி, யாளி, கரடி, யானை, இடி, பேய், பாம்பு என்று வரிசையாக அடுக்குகிறாள். அந்த வரிசையில் "ஒடுங்கிரும் குட்டத்து அருஞ்சுழி வழங்கும் கொடுந்தாள் முதலையும் இடங்கரும் கராமும்" என்று வருகிறது. குட்டம் என்பது ஆழ்ந்த நீர்நிலை. எல்லாத் தண்ணீரிலும் முதலை என்று கபிலர் சொல்லவில்லை. ஒடுங்கிய, இருண்ட, சுழியுள்ள ஆழத்தில் என்கிறார். உங்கள் பாட்டி சொன்ன விதிக்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை. கால் வளைந்தது என்பதைக்கூட ஒரு சொல்லில் குறித்துவிட்டார். முதலை நடந்து பார்த்தவர்தான் "கொடுந்தாள்" என்று எழுத முடியும்.

இடங்கர், கராம் என்பவை எவை என்று கேட்பீர்கள். முதலை இனங்கள் என்ற அளவில் உரை சொல்லிவிட்டு நகர்கிறது. இந்தியாவில் இன்று மூன்று இனங்கள் இருப்பதால் மூன்று பெயரையும் அவற்றோடு ஒட்டிவிடலாம் என்று சிலர் முயல்கிறார்கள். நீண்ட மூக்குடைய கரியால் வடநாட்டு ஆறுகளுக்கு உரியது. அதைக் குறிஞ்சிப்பாட்டின் மலைச்சுனைக்குள் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை.


நாவல்மரத்தடி எழுதியது:

நான் அவிநாசியில் பிறந்தவள். ஆகவே முதலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பயமன்று, ஒரு வீட்டின் அழுகை.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுந்தரர் திருப்புக்கொளியூருக்கு, அதாவது இன்றைய அவிநாசிக்கு, வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர் வீட்டில் அழுகை. இரு வீட்டுப் பிள்ளைகளும் முன்பு ஒன்றாகக் குளத்தில் குளித்தவர்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது, பிழைத்தவனுக்கு அன்று பூணூல் கல்யாணம். சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பாடுகிறார். "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்ற இடத்தில் முதலை கரைக்கு வந்து பிள்ளையை உமிழ்கிறது. விழுங்கிய நாளில் இருந்த சிறுவனாக அன்றி, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் வெளியே வருகிறான்.

சிறு வயதில் எங்களுக்கு இதில் பக்தியைவிடப் பெரிய வியப்பு அந்த வளர்ச்சிதான். முதலையின் வயிற்றுக்குள் அவன் என்ன சாப்பிட்டான், யார் அவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள் என்று நாங்கள் தெருத் திண்ணையில் உட்கார்ந்து மிகத் தீவிரமாக விவாதித்திருக்கிறோம். திண்ணையைக் கரையாகவும் தெருவை ஆறாகவும் வைத்து விளையாடும்போது, முதலையாக இருப்பவள் யாரையாவது பிடித்துவிட்டால், மற்றவர்கள் சேர்ந்து பாட்டுப் பாடினால் விட்டுவிட வேண்டும் என்று நாங்களே ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம். வேறு ஊரில் இந்த விதி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கொள்ளிடக்கரையான் ஐயாவின் கருத்தோடு நான் மாறுபடுவது இங்கேதான். நம் கதைகள் "பற்றினால் விடாது" என்று சொல்லவில்லை. அவிநாசியில் முதலை பிள்ளையைத் திருப்பித் தருகிறது. கஜேந்திரன் கதையில் பிடி விடுபடுகிறது. அதோடு முதலையும் விடுதலை பெறுகிறது, ஏனென்றால் அது தேவலரின் சாபத்தால் முதலையான ஹூஹூ என்னும் கந்தர்வன். காலடி என்னும் ஊரில் சங்கரரின் காலைப் பற்றிய முதலை, தாய் துறவுக்கு இசைந்ததும் விட்டுவிடுகிறது. மூன்று கதையிலும் கேட்பவர் மனத்தில் தங்குவது முதலை விட்ட கணம்தான். பஞ்சதந்திரத்து முதலைகூட, முதுகில் ஏற்றிய குரங்கிடம் ஈரல் வேண்டும் என்று உண்மையை உளறிவிட்டு, நாவல் மரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு ஏமாந்து நிற்கிறது.


ஏட்டுச்சுவடி எழுதியது:

அம்மையார் சொன்னது சிந்திக்கத்தக்கது. கஜேந்திர மோட்சத்தோடு தொடர்புபடுத்தப்படும் தலங்களுள் கபிஸ்தலம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கிறது. பெருமாளைத் திருமழிசையாழ்வார் "ஆற்றங்கரை கிடக்கும் கண்ணன்" என்றே பாடுகிறார். பாகவதம் அந்தக் கதையைத் திரிகூட மலையின் தாமரைத் தடாகத்தில் நிகழ்த்துகிறது. நம் ஊரார் அதைக் கொண்டுவந்து, உண்மையாகவே முதலை வாழும் ஆற்றின் பக்கத்தில் வைத்தார்கள். தாமிரபரணிக் கரையில் அத்தாளநல்லூரும் இதே உரிமையைக் கோருகிறது. முதலையை அறிந்த கரைகளில்தான் இந்தக் கதை வேரூன்றியது என்பது என் எண்ணம். நிறுவ முடியாது, ஆயினும் சொல்லிவைக்கிறேன்.


ஊர்வன_விரும்பி எழுதியது:

பிடிப்பதையும் விடுவதையும் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலையின் தாடையை மூடும் தசைகள் மிகப் பெரியவை, திறக்கும் தசைகள் மிகச் சிறியவை. அதனால்தான் பிடிப்பவர்கள் முதலில் வாயைக் கயிற்றாலோ ஒட்டுநாடாவாலோ கட்டிவிடுகிறார்கள். மூடிய வாயை அவ்வளவு எளிய கட்டே அடக்கிவிடும். அதன் பற்கள் மெல்லுவதற்கு உரியவை அல்ல. பற்றி, உருண்டு, கிழித்து, விழுங்கும். நாக்கை வெளியே நீட்ட அதனால் இயலாது; வாயின் அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும். தொண்டைக்கு முன்னால் ஒரு மடிப்பு இருப்பதால் நீருக்கடியில் வாயைத் திறந்தாலும் தண்ணீர் உள்ளே போவதில்லை. ஆகவே பழமொழி உடற்கூற்றளவில் தவறில்லை.

ஆனால் அதே வாயின் மற்றொரு வேலையைப் பழமொழி அறியவில்லை. நம் ஆறுகளில் வாழும் சதுப்புநில முதலை, கோடையின் தொடக்கத்தில் நீர்க்கரை மணலில் குழி தோண்டி 25 முதல் 30 முட்டைகள் வரை இட்டு மூடிவைக்கும். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். தாய் அந்தக் குரலைக் கேட்டுத்தான் குழியைத் தோண்டும். உடையாத முட்டையை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே வைத்து மெல்ல உருட்டி உடைத்து, குஞ்சுகளை வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். ஓர் எருமைக் கன்றை இழுத்துப்போகிற அந்தத் தாடை, ஒரு சாண் நீளத்தை விடச் சற்றே பெரிய குஞ்சின் தோலில் ஒரு கீறலும் விழாமல் மூடுகிறது. ஆண் முதலையும் இதைச் செய்யும் என்பது வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணையில் பார்த்துப் பதிவு செய்யப்பட்டது. 1980களில் அது ஆய்வுலகுக்குப் புதிய செய்தி. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கிய அந்தப் பண்ணை இல்லையென்றால், நம் முதலையின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்காது.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் குழியின் வெப்பம் முடிவு செய்கிறது. 32.5 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஆண்கள் மிகுதியாகப் பிறக்கும். அதைவிடக் குறைந்தாலும் மிகுந்தாலும் பெண்கள் மிகும். ஆகவே மணல் திட்டு இல்லாத ஆற்றில் முதலைக்கு முட்டையிட இடமில்லை, நிழலும் வெயிலும் மாறிப்போன கரையில் பிறக்கும் குஞ்சுகளின் கணக்கே மாறிப்போகும். கொள்ளிடத்து மணல் என்ன ஆயிற்று என்பதை அந்தக் கரையில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வள்ளுவர் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும். நீரை விட்டு நீங்கிய முதலை விரைவில் களைத்துப்போகும் என்பது உண்மை. நீண்ட போராட்டத்துக்கு அதன் உடல் ஏற்றதன்று. ஆயினும் அது நிலத்தில் ஒன்றும் செய்ய இயலாத பிராணி அன்று. குளம் வற்றினால் இரவில் நெடுந்தொலைவு நடந்து அடுத்த நீரைத் தேடிப் போகும். நீரே கிடைக்காவிட்டால் கரையில் ஆழமாக வளை தோண்டி அதற்குள் கோடையைக் கழிக்கும்.

இன்னொன்று, பேச்சுக்குச் சற்று வெளியே: "முதலைக் கண்ணீர்" என்பது ஐரோப்பியரிடமிருந்து நமக்கு வந்த வழக்கு, நமக்குப் பழையனூர் நீலியின் கண்ணீரே போதுமாயிருந்தது. ஆனால் புளோரிடாவில் முதலையின் உறவினங்களான அலிகேட்டர்களையும் கெய்மன்களையும் கரையில் வைத்து உணவூட்டிப் பார்த்தபோது, அவற்றுள் பல தின்னும்போது உண்மையாகவே கண்ணீர் வடித்தன என்று 2007இல் வெளியிட்டார்கள். அதற்குக் காரணம் துக்கம் அன்று என்பது மட்டும் உறுதி.


மட்டுநகரான் எழுதியது:

இலங்கையின் கிழக்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் முதலைக்குடா என்றே ஓர் ஊர் உண்டு. வாவிக்கரையில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. இங்கே இரண்டு இனங்கள் இருக்கின்றன. குளங்களில் வாழும் சதுப்புநில முதலையைச் சிங்களத்தில் ஹல கிம்புலா என்பார்கள். வாவியிலும் கண்டல் காட்டிலும் ஆற்று முகத்திலும் வாழும் உவர்நீர் முதலை அவர்கள் மொழியில் "கெட்ட கிம்புலா". இரண்டாவதுதான் பெரியது, மனிதருக்கு அதிக ஆபத்தும் அதனால்தான். தமிழில் நாங்கள் இரண்டையும் முதலை என்றே சொல்லிவிடுகிறோம், ஏட்டுச்சுவடி ஐயா மூன்று பெயர் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிள்ளைக்கால நினைவைச் சொல்வதென்றால், இந்த நாட்டில் எந்தப் பிள்ளையும் முதலையை முதலில் கடித்துத்தான் அறிகிறது. கிம்புலா பணிஸ் என்று ஒன்று பேக்கரியில் விற்பார்கள்: இரு முனையும் கூர்ந்து, நடுவில் பருத்து, மேலே சீனி தூவிய நீண்ட பணிஸ். மாலையில் பாண்காரர் வரும் சத்தம் கேட்டதும் நாங்கள் வாசலுக்கு ஓடுவோம். வாலை யார் தின்பது, தலையை யார் தின்பது என்பதில் எனக்கும் தங்கைக்கும் தீராத வழக்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறொன்று. தெற்கே மாத்தறைப் பக்கத்தில் நில்வளா கங்கையில், மக்கள் குளிக்கும் துறையைச் சுற்றி ஆற்றுக்குள் மரக்கழிகளை நெருக்கமாக நட்டு வேலி கட்டுவார்கள். கிம்புல் கொட்டுவ என்று அதற்குப் பெயர். முதலைக் கோட்டை என்று சொல்லலாம். வேலிக்கு உள்ளே மனிதன், வெளியே முதலை. கொள்ளிடத்தில் இப்படி ஏதும் உண்டா?


வதோதராவாசி எழுதியது:

பணியின் பொருட்டுக் குஜராத்தில் வாழ்கிறேன். எங்கள் நகரின் நடுவே ஓடும் விசுவாமித்திரி ஆற்றில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன. பாலத்தின் மேல் நின்று அலுவலகம் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2024 ஆகஸ்டு வெள்ளத்தில் அவை குடியிருப்புகளுக்குள் வந்தன. நகரத்தார் அஞ்சினார்கள், படம் எடுத்தார்கள், மீட்புக் குழுவை அழைத்தார்கள். அடித்துக் கொல்ல வேண்டும் என்ற பேச்சு என் காதில் விழவில்லை.

நகரத்துக்கு வெளியே சரோத்தர் என்னும் வேளாண் பகுதி இன்னும் வியப்பானது. மலாதஜ் போன்ற ஊர்களில் குளத்துப் படியில் பெண்கள் துணி துவைக்க, சற்றுத் தள்ளி முதலை வெயில் காய்கிறது. அங்கே கோடியார் மாதா என்னும் தெய்வத்தின் ஊர்தி முதலை. கங்கைக்கும் மகரம்தான் ஊர்தி, அதுவும் முதலைதானே என்று நான் ஒரு முதியவரிடம் சொன்னேன். அவர், கங்கை எங்கோ இருக்கிறாள், இவள் இந்தக் குளத்தில் இருக்கிறாள் என்று பதில் சொன்னார்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

மகரத்தை முதலை என்று அவ்வளவு விரைவாக முடித்துவிட வேண்டாம். கோயில் தோரணங்களில் நீங்கள் காணும் மகரத்துக்கு யானையின் துதிக்கையும் முதலையின் தாடையும் மீனின் உடலும் சேர்ந்திருக்கும். தமிழர் அதைச் சுறாவாகவே பெரும்பாலும் கொண்டார்கள்: காமனின் மகரக்கொடி தமிழில் சுறவக்கொடி, மகரத்துக்குரிய தை மாதம் தனித்தமிழில் சுறவம். ஆற்று முதலையை நன்கு அறிந்தவர்கள் அந்தக் கற்பனை விலங்கை முதலை என்று ஒப்புக்கொள்ளாமல் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள் போலும்.


கொள்ளிடக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாவல்மரத்தடி அம்மையார் சொன்ன "விட்ட கணம்" என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. ஆயினும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. பாட்டுப் பாடினால் பிள்ளை திரும்பி வரும் என்ற நம்பிக்கை குளம் கோயிலுக்குள் இருக்கும்வரை அழகானது. ஆற்றில் இறங்கி மாடு குளிப்பாட்டுகிறவனுக்கும் நண்டு பிடிக்கிறவனுக்கும் துணி துவைக்கிறவளுக்கும் கால் போனால் போனதுதான். எங்கள் கரையில் உயிரும் போயிருக்கிறது. குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு முதலை காக்கப்பட வேண்டிய உயிர். ஆற்றை நம்பி இருக்கிறவர்களுக்கு அது தினசரிக் கணக்கு. 1972ஆம் ஆண்டுச் சட்டமும், 1975இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டமும் அழியவிருந்த ஓர் உயிரைக் காப்பாற்றின என்பதை நான் மறுக்கவில்லை. காத்த பிறகு அது எங்கே வாழ வேண்டும், நாங்கள் எங்கே குளிக்க வேண்டும் என்பதையும் யாராவது சேர்த்து யோசித்திருக்க வேண்டும் அல்லவா? குஜராத்தில் தெய்வம் காக்கிறது என்றால் எங்கள் ஊரில் அப்படி ஒரு தெய்வத்தைப் புதிதாக உண்டாக்க முடியாது.

பிடித்துக்கொண்டுபோய் வேறு குளத்தில் விடுவதே தீர்வு என்று ஊர்க்கூட்டத்தில் சொல்கிறார்கள். ஊர்வன_விரும்பி இதற்கு என்ன சொல்கிறார்? மட்டுநகரான் சொன்ன வேலியைப் பற்றியும் விரிவாக அறிய விரும்புகிறேன்.


ஊர்வன_விரும்பி எழுதியது:

குளத்துக்குள் வந்துவிட்ட முதலையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஆற்றிலிருந்து பிடித்து வேறிடத்தில் விடுவதை நான் தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைகளை வானூர்தியில் ஏற்றித் தொலைவில் விட்டுக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். ஒன்று ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கடலோரமாக நீந்தி 20 நாளில் பழைய இடத்துக்கே திரும்பியது. நம் இனம் அவ்வளவு தூரம் போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடத்தை நினைவில் வைக்கிற பிராணி இது. திரும்பாவிட்டாலும், பழகாத இடத்தில் விடப்பட்ட முதலை அங்கே ஏற்கெனவே இருப்பவற்றோடு மோதி, ஒதுங்க இடம் தேடி அலையும்; அலைகிற முதலைதான் வாய்க்காலில் ஏறுகிறது. காலியான மடுவுக்கும் வேறொன்று வந்துவிடும்.

எங்கே ஆழமான மடு எஞ்சியிருக்கிறதோ, எங்கே மணல்திட்டு எஞ்சியிருக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அங்கே துறை வைக்காமல் இருப்பதே முதல் வேலை. முட்டைக் குழிக்குப் பக்கத்தில் போகிறவரைத் தாய் விரட்டும் என்பதால், மாசியிலிருந்து குஞ்சு பொரிக்கும் காலம் வரை அந்தத் திட்டுகளில் மாடு ஓட்டாமல் இருப்பது நல்லது. மீன் கழிவையும் இறந்த கோழிகளையும் துறையருகே கொட்டுவதை நிறுத்தினால் பாதி தொல்லை குறையும். உணவு கிடைக்கிற இடத்தை அது மறப்பதில்லை.


மட்டுநகரான் எழுதியது:

வேலியைப் பற்றி ஐயா கேட்டதால் நான் அறிந்ததைச் சொல்கிறேன். கழிகளுக்கு இடையே குஞ்சு முதலை நுழையலாம், வளர்ந்தது நுழையக் கூடாது; அவ்வளவு நெருக்கம் போதும். ஆற்றின் பக்கம் மட்டும் அரைவட்டமாகக் கட்டிவிட்டுக் கரையைத் திறந்துவிடுவது போதாது, ஏனென்றால் முதலை கரையேறி நடந்து வேலிக்குள் இறங்கும். ஆகவே கரைப்பக்கத்தின் இரு ஓரங்களையும் மேடு வரை இழுத்துக் கட்டி, படி இறங்குகிற வழிக்கு ஒரு கதவு வைக்க வேண்டும். வெள்ளம் வேலியின் தலைக்கு மேல் போன பிறகு, தண்ணீர் வடிந்ததும் உள்ளே ஏதேனும் தங்கிவிட்டதா என்று நீண்ட கழியால் துழாவிப் பார்க்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது. மரக்கழி உக்கிப்போகும், உக்கிய ஒரு கழி, வேலியே இல்லாததைவிடக் கெடுதி, ஏனெனில் உள்ளே இருப்பவர் அதை நம்பிக் குளித்துக்கொண்டிருப்பார். இப்போது இரும்பு வலையும் போடுகிறார்கள், ஆனால் உவர்நீர் ஏறுகிற இடத்தில் அதுவும் துருப்பிடித்துவிடுகிறது.

கட்டுவது ஒரு நாள் வேலை. ஆண்டுதோறும் யார் பழுது பார்ப்பது என்பதை ஊரார் முதலில் முடிவு செய்துகொள்ளட்டும். உங்கள் துறையில் நீரோட்டம் எவ்வளவு, அடியில் மணலா களிமண்ணா என்று எழுதினால், கழியை எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று இங்கே கட்டியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.


கொள்ளிடக்கரையான் எழுதியது:

மேலே இரண்டு முழம் மணல், அதற்குக் கீழே களி. ஓட்டத்தைத் தண்ணீர் வந்த பிறகுதான் சொல்ல முடியும். மேட்டூர் திறந்ததும் எழுதுகிறேன்.